செர்ரித் தோட்டம் காவிரிக் கரைக்கு வந்தபோது

அயல்நாட்டு நாடகம் ஒன்றைத் தமிழில் போடப்போகிறேன் என்று வருகிற இளைஞர்கள் முதலில் என்னிடம் கேட்பது பெயர்களைப் பற்றித்தான். நோராவுக்கு என்ன பெயர் வைக்கலாம், ஹாம்லெட்டை எந்த நாட்டு இளவரசனாக்கலாம், கோட்டுக்குப் பதிலாக வேட்டி கட்டலாமா என்பார்கள். இவையெல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடுகிற வேலை. மாதக்கணக்கில் ஆளைத் தின்னும் கேள்வி வேறு. இந்த மனிதர் நம் ஊரில் எந்தத் தெருவில் பிறந்திருப்பார்? யார் வீட்டு வாசல்வரை போவார்? யார் முன்னால் உட்காரத் தயங்குவார்? இதற்கு விடை தெரியும்வரை நான் ஒத்திகையைத் தொடங்குவதில்லை.

தமிழ் மேடைக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும், மாக்பெத்தை ‘மகபதி’ என்றும், வெனிஸ் வணிகனை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழாக்கி ஆடினார். அதே 1891-ல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்துக்கு லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதையொன்றே மூலம். பிற்காலத்தில் இந்திரா பார்த்தசாரதி லியர் அரசனை ‘இறுதி ஆட்ட’மாக எழுதினார். மதுரையில் மு. ராமசுவாமி கிரேக்க ஆன்டிகனியைத் ‘துர்க்கிர அவல’மாக்கினார். இவர்கள் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அரசர் கதைகள் எளிதாக இடம் மாறுகின்றன. அரண்மனை எந்த நாட்டிலும் அரண்மனைதான். அண்ணனைக் கொன்று அரியணை ஏறுகிற தம்பியை எந்த ஊர்ச் சபையும் புரிந்துகொள்ளும். வீடும் நிலமும் கடனும் வேலைக்காரரும் வருகிற நாடகங்கள்தான் முரண்டு பிடிக்கும். நார்வேயின் இப்சனும் ரஷ்யாவின் செகாவும் அப்படிப்பட்டவர்கள். என் காலத்தின் பெரும்பகுதி இவர்களோடு போயிருக்கிறது.

செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. கடனில் மூழ்கிய நிலக்கிழார் குடும்பம்; ஏலத்துக்கு வரும் தோட்டம். மரங்களை வெட்டி, நிலத்தைத் துண்டுபோட்டு, கோடை வீடுகளுக்கு வாடகைக்கு விட்டால் கடனை அடைத்துவிடலாம் என்று லோபாகின் என்கிற வியாபாரி தலைப்பாடாக அடித்துக்கொள்கிறான். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். குடும்பம் அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் தோட்டத்தை ஏலத்தில் எடுப்பவனும் அவன்தான்.

இதைப் படித்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியாது. நான் நினைத்ததும் அதைத்தான். ஆனால் நினைப்பது வேறு, பொருத்துவது வேறு. முதல் சிக்கல் காலம். ரஷ்யாவில் பண்ணையடிமைகள் விடுதலையானது 1861-ல். நாடகம் வந்தது 43 ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளிதான் நாடகத்தின் உயிர். அடிமையாக இருந்தவர் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். அவருடைய பேரன் தலைமுறை கையில் காசு சேர்த்திருக்க வேண்டும். நம் டெல்டாவில் அதற்கு ஈடான திருப்புமுனை 1952-ல் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதோடு 43 ஆண்டுகளைக் கூட்டினால் 1995 வருகிறது. ஊருக்கு ஊர் வயலில் கல் நட்டு மனைப்பிரிவு போடத் தொடங்கியிருந்த காலம் அது. செகாவின் கோடை வீடுகள் எங்கள் நாடகத்தில் மனைகளாயின. லோபாகின் கையில் ஒரு லேஅவுட் வரைபடம் வந்தது. கதையை ஆண்டோடு முடிச்சுப் போட்டதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. தழுவல் செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூலத்தின் பின்னால் நிற்கும் சட்டத்தையோ சண்டையையோ கண்டுபிடியுங்கள், நம் வரலாற்றில் அதற்கு இணையானது எந்த ஆண்டில் நடந்தது என்று தேடுங்கள். ஊரின் பெயர் அதன் பிறகு தானே வரும்.

இரண்டாவது சிக்கல் சாதி. இதைத் தொடாமல் ரஷ்ய நாடகத்தைத் தமிழில் போடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செகாவில் ஃபீர்ஸ் என்றொரு வயதான வேலைக்காரர் வருகிறார். அவரும் அடிமையாக இருந்தவர்தான். விடுதலை கிடைத்ததையே ஒரு கேடுகாலம் என்று சொல்கிறவர். லோபாகினின் தாத்தாவும் ஃபீர்ஸும் அங்கே ஒரே தரத்தவர்கள். டெல்டாவில் அப்படி ஆக முடியாது. வீட்டுக்குள் வந்து காபி கொடுக்கும் வேலைக்காரரும் வயலில் சேற்றில் நிற்கும் பண்ணையாளும் ஒரே சாதியாக இருக்கவே முடியாது. ஃபீர்ஸ் இங்கே இடைநிலைச் சாதிக்காரர். லோபாகின் சேரியில் பிறந்த தலித். இப்படிப் பிரித்த உடனே நாடகம் புதிதாக ஓடத் தொடங்கியது. ஃபீர்ஸ் தன் எஜமானரைவிட அதிக வெறுப்போடு லோபாகினைப் பார்க்கிறார். அவன் குடித்த டம்ளரை எடுத்துப்போக அவருக்கு மனம் வரவில்லை. மூலத்தில் இல்லாத பகை இது. ஆனால் மூலத்தின் எந்த வரியோடும் இது மோதவில்லை.

மூன்றாம் அங்கத்தில் ஏலத்தில் வென்று வருகிற லோபாகின், என் அப்பனும் பாட்டனும் அடிமையாகக் கிடந்த பண்ணையை, அவர்களைச் சமையலறைக்குள்கூட விடாத பண்ணையை நான் வாங்கிவிட்டேன் என்று பேசுகிறான். அந்த இடத்துக்கு நாங்கள் எதையும் சேர்க்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. ரஷ்யாவில் ஒருவர் எழுதியது திருவாரூரில் பேசுவதற்காகவே எழுதியதுபோல் இருந்தது.

வியாபாரியாக இருந்த லோபாகினை மாற்ற வேண்டியிருந்தது. கடைவீதியில் ஒரு தலித் மளிகைக்கடை வைத்தால் யார் வந்து வாங்குவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதனால் அவனைச் செங்கல் சூளைக்காரனாக்கினோம். செங்கலுக்குத் தீட்டு கிடையாது. வீடு கட்டுகிற எவரும் வாங்குவார்கள். எங்கள் நாடகத்தில் அவன் பெயர் முருகேசன்.

முருகேசனாக நடித்தவர் டெல்டாக்காரர், விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஒத்திகையில் முதல் அங்கத்தை நடத்தும்போது நான் அவருக்கு இடம் எதுவும் குறிக்கவில்லை. மேடையின் நடுவில் திண்ணை, அதன் பின்னால் ஊஞ்சல். மற்ற நடிகர்கள் எல்லோரும் இயல்பாகத் திண்ணையில் ஏறினார்கள், தூணில் சாய்ந்தார்கள். அவர் மட்டும் கையில் வரைபடத்தோடு திண்ணைக்குக் கீழேயே நின்று பேசினார். வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், வாசலில் சொந்தக் கார். ஆனாலும் கால் மேலே போகவில்லை. காட்சி முடிந்ததும் என்னிடம் வந்து, “ஐயா, நான் எப்போது உட்கார வேண்டும்?” என்று கேட்டார். “நீங்களே சொல்லுங்கள்” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “வாங்கிய பிறகு” என்றார். அப்படியே வைத்துக்கொண்டோம். மூன்றாம் அங்கம்வரை முருகேசன் அந்த வீட்டில் எங்குமே உட்காரவில்லை. ஏலச் செய்தியைச் சொல்லிவிட்டு நேராகப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு முறை காலால் உந்தினார். ஃபீர்ஸாக நடித்த மூத்த நடிகர் அந்தக் கணத்தில் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுதிய எந்த வசனத்தையும்விட அந்த உந்தல் வலுவானது.

அந்த வீட்டு வளர்ப்புப் பெண் வாரியாவை லோபாகின் மணந்துகொள்வான் என்று செகாவில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவன் கடைசிவரை கேட்பதில்லை. ஏன் கேட்கவில்லை என்பது ரஷ்யாவில் நூறு ஆண்டுகளாகப் பேசப்படுகிற புதிர். நம் ஊரில் அது புதிரே இல்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை. சாதி காரணம் என்று பார்வையாளர் முடிவுகட்டிவிட்டால் அந்தக் காட்சியின் தவிப்பு போய்விடும். அதனால் குடும்பத்துத் தாயே வாய்விட்டு, “அவளைக் கேளேன் முருகேசா” என்று சொல்கிறாள். தடையை மேலே இருப்பவர்கள் விலக்கிவிட்டார்கள். அப்போதும் அவன் கேட்கவில்லை. இனி அவன் மனதுக்குள்தான் பார்க்க வேண்டும். சாதியைக் கொண்டுவருவதோடு வேலை முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இயக்குநரின் வேலை.

சில மாற்றங்கள் மகிழ்ச்சியாகவே நடந்தன. குடும்பத்துத் தாயின் அண்ணன் காயெவ், நூறு வயதான புத்தக அலமாரியைப் பார்த்து உரை நிகழ்த்துகிற இடம் மூலத்தில் உண்டு. எங்கள் காயெவ் பத்தாயத்தைப் பார்த்துப் பேசினார். நெல் இல்லாத பத்தாயம். அதைத் தட்டிக் காட்டும்போது வெற்று ஓசை வந்தது. பில்லியர்ட்ஸ் சொற்களை முணுமுணுக்கும் பழக்கத்துக்குப் பதிலாக அவர் கச்சேரி நினைவில் தொடையில் தாளம் போட்டார். ஆனால் இரண்டாம் அங்கத்திலும் இறுதியிலும் வானத்திலிருந்து வருவதுபோல் கேட்கும், தந்தி அறுந்தது போன்ற அந்த ஓசையை நான் உள்ளூராக்கவில்லை. தேர்வடம், ஏற்றக்கயிறு என்று குழுவில் பலர் யோசனை சொன்னார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாததுதான் அந்த ஓசையின் பயன். எல்லாவற்றையும் நம் ஊராக்கிவிட வேண்டும் என்கிற ஆசையை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். பார்வையாளருக்குப் புரியாத ஒன்றிரண்டு பொருள்கள் மேடையில் இருப்பது நல்லது.

சென்னையில் இந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் நான்காம் அங்கத்தில் அழுதார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பம் கிளம்புகிறது, மரம் வெட்டும் சத்தம் கேட்கிறது; அவர்களில் பலருக்கு ஊரில் விற்றுவிட்டு வந்த வீடு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதே நாடகத்தைத் திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போட்டோம். முருகேசன் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான்காம் அங்கத்தில் மூட்டை முடிச்சுக்களோடு தடுமாறும் குடும்பத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி உள்ள வட்டாரம் அது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்ட சவுக்கடி, சாணிப்பால் பற்றியெல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மிராசுதாரின் பிரிவாற்றாமைக்கு அவர்கள் ஏன் அழ வேண்டும்? செகாவ் தன் நாடகத்தை நகைச்சுவை நாடகம் என்றார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைச் சோகமாக மேடையேற்றியதில் அவருக்கு வருத்தம் உண்டு. அந்தச் சச்சரவை நான் பாடமாகத்தான் படித்திருந்தேன். அன்று இரவுதான் அது காதில் விழுந்தது. அதன் பிறகு நான்காம் அங்கத்தின் இசையைக் குறைத்தேன். அழுவதா சிரிப்பதா என்பதைப் பார்க்கிறவர்களிடமே விட்டுவிட்டேன். தழுவல் நாடகத்தை ஒரே வகை அரங்கில் மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்று வைத்துவிடக் கூடாது. யாருடைய நிலம் பேசப்படுகிறதோ அவர்கள் முன்னால் ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும்.

இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879-ல் வந்தது. நோரா கணவனின் உயிரைக் காப்பாற்றக் கடன் வாங்குகிறாள். அதற்காகத் தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம் அது. எங்கள் தழுவலை முதன்முதலாகக் குழுவில் வாசித்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்: “நகை இல்லையா அவளுக்கு?” உண்மைதான். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர வீட்டுப் பெண்ணுக்குப் பணமுடை வந்தால் கை முதலில் போவது கழுத்துக்குத்தான். அடகுக்கடை எதிர்த் தெருவிலேயே இருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மூன்று அங்கமும் பார்வையாளர் மனதில் நகைதான் ஓடிக்கொண்டிருக்கும். நாத்தனார் கல்யாணத்துக்கு அவளுடைய நகையெல்லாம் போய்விட்டது என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி எதிர்பாராத வேலை செய்தது. கணவன் அவளை ‘திருடி’, ‘பொய்க்காரி’ என்று ஏசும்போது, அந்த வீடு அவளுக்குப் பட்டிருக்கும் கடன் பார்க்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கையெழுத்து விவகாரத்தைக் கூட்டுறவு வங்கிக் கடனுக்கான ஜாமீனாக மாற்றினோம்.

முடிவுதான் பெரிய மல்லுக்கட்டு. குழந்தைகளை விட்டுவிட்டுப் போவாளா என்று நம் சபை கேட்கும் என்பார்கள். இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதில்லை. 1880-ல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுப் போகிற தாயாக நடிக்க மாட்டேன் என்று மறுத்தார். வேறு யாரோ முடிவை மாற்றுவதைவிடத் தானே மாற்றலாம் என்று இப்சனே ஒரு மாற்று முடிவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை வெறுத்தார். எங்களுக்கு இடைஞ்சல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெட்டியோடு வாசலைத் தாண்டினால், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள், நாலு நாளில் பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைப்பார்கள் என்றுதான் பார்வையாளர் எடுத்துக்கொள்வார்கள். கதவு சாத்தும் ஓசை ஐரோப்பாவை அதிரவைத்தது. இங்கே அது வாராவாரம் கேட்கிற ஓசை. ஆகவே அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்ன பிறகுதான் அரங்கு அமைதியாயிற்று. மூலத்தில் உள்ள செயலை அப்படியே வைத்துக்கொண்டால் நம் ஊரில் அதன் பொருள் கவிழ்ந்துவிடுவதுண்டு. பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் செயலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984-ல் சங்கீத நாடக அகாதெமி இளம் இயக்குநர்களுக்கான உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாட்டார் வடிவங்களைப் பயன்படுத்தி நவீன நாடகம் செய்ய அது ஊக்கம் கொடுத்தது. நல்ல படைப்புகள் சில வந்தன. கூடவே, எந்த நாடகமானாலும் நடுவில் இரண்டு பறையும் ஒரு கரகமும் நுழைகிற வழக்கமும் வந்தது. பி.வி. காரந்த் 1979-ல் தேசிய நாடகப் பள்ளியின் ரெபர்ட்டரி நாடகக் குழுவுக்காக மாக்பெத்தை யக்ஷகான பாணியில் ‘பர்ணம் வனம்’ என்று இயக்கினார். யக்ஷகானத்தை அவர் உள்ளிருந்து அறிந்தவர். அந்த அறிவு இல்லாமல் மேல்தோலை மட்டும் எடுத்து ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. எனக்கு நல்ல எடுத்துக்காட்டு புரிசை. திருவண்ணாமலை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் தலைமுறைகளாகத் தெருக்கூத்து ஆடும் கண்ணப்ப தம்பிரான் பரம்பரைக் குழு, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘வெண்கட்டி வட்டம்’ நாடகத்தையும் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையொன்றையும் கூத்தாக ஆடியிருக்கிறது. அங்கே கூத்து அயல்நாட்டுக் கதையை வாங்கிக்கொள்கிறது. அயல்நாட்டு நாடகம் கூத்தைப் பூசிக்கொள்வதில்லை. திரைக்குப் பின்னிருந்து தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிற வேஷமும், ஆட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி நிற்கிற கட்டியங்காரனும் உள்ள கலைக்கு, பார்வையாளர் கதையில் மூழ்கிவிடாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று பிரெக்ட் கேட்ட விலகல் கைவந்த ஒன்று. கூத்துக்காரரோடு வேலை செய்ய விரும்பினால் அவரை உங்கள் ஒத்திகைக்கு வரவழைக்காதீர்கள். நீங்கள் அவருடைய களரிக்குப் போய் விடியவிடிய உட்காருங்கள்.

பிரதியை நான் மேசையில் உட்கார்ந்து முடிப்பதில்லை. காட்சியை நடிகர்களுக்குச் சொல்லி, முதலில் அவர்கள் சொந்தப் பேச்சில் நடத்திப் பார்க்கச் சொல்கிறேன். யார் யாரை ‘நீ’ என்கிறார், யார் ‘நீங்க’ என்கிறார், யார் பெயரே சொல்லாமல் பேசுகிறார் என்பதெல்லாம் அப்போது தானே விழும். குறித்துக்கொண்டு போய் அதற்கு மேல் எழுதுகிறேன். மூலமொழி எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். மூன்றும் வேறுபடும் இடத்தில் மூலமொழி அறிந்த ஒருவரிடம் கேட்காமல் நகர்வதில்லை.

உரிமை விவகாரத்தில் புதியவர்கள் அலட்சியமாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. 1904-ல் இறந்த செகாவும் 1906-ல் இறந்த இப்சனும் எல்லோருக்கும் பொது. 1956-ல் இறந்த பிரெக்ட் 2017 முதல் இந்தியாவில் பொதுவாகிவிட்டார். ஜெர்மனியில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் 2026 முடியும்வரை அங்கே உரிமை இருக்கிறது. 1989-ல் மறைந்த பெக்கெட்டுக்கு இங்கே 2049 வரையும், 2005-ல் மறைந்த ஆர்தர் மில்லருக்கு 2065 வரையும் அனுமதி வேண்டும். பலரும் மறந்துவிடுவது மொழிபெயர்ப்பாளரை. பிரெக்டின் வெண்கட்டி வட்டத்தை எரிக் பென்ட்லியின் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால், பென்ட்லி இறந்தது 2020-ல். அவருடைய சொற்களுக்கு 2080 வரை உரிமை இருக்கிறது. செகாவுக்கு 1946-ல் இறந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலமும் இப்சனுக்கு 1924-ல் இறந்த வில்லியம் ஆர்ச்சரின் ஆங்கிலமும் சிக்கலற்றவை. பழைய நடைதான், ஆனால் அதிலிருந்து நாம் தமிழுக்கு வருகிறோம் என்பதால் அந்தப் பழமை ஒரு தடையில்லை. கட்டணம் வாங்காமல் பயில்முறைக் குழுவினர் நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் விற்றால் அந்த விலக்கு கிடையாது.

அனுமதி கேட்டு எழுதும்போது மொழிபெயர்ப்புக்கா, தழுவலுக்கா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். எத்தனை காட்சி, எந்த ஊர்கள், எந்த மொழி, ஒளிப்பதிவு உண்டா, இணையத்தில் ஏற்றுவீர்களா என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டு முகவர் ஒருவர் எனக்கு மொழிபெயர்க்க அனுமதி தந்தார். ஊரையும் முடிவையும் மாற்றக் கூடாது என்றார். மாற்றாமல் அந்த நாடகத்தைத் தமிழில் போடுவதில் எனக்குப் பயன் தெரியவில்லை. விட்டுவிட்டேன். எழுதிய பிறகு இந்தப் பதில் வந்திருந்தால் ஒரு குழுவின் பல மாத உழைப்பு வீணாகியிருக்கும்.

காவல்துறை அனுமதி பற்றி இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டம், 1954-ஐ எதிர்த்து ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. நாடகப் பிரதியைக் காவல் ஆணையரிடம் முன்கூட்டியே கொடுத்துக் காத்திருந்த காலம் அதோடு முடிந்தது. திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்கான அனுமதி வேறு விஷயம். அதை வாங்கத்தான் வேண்டும்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. நாடகம் மட்டும் எனக்குச் சோறு போட்டதில்லை. நடிப்புப் பயிற்சி வகுப்புகளும் குரல் கொடுக்கும் வேலையும்தான் போட்டன. மானியத்துக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் மானியம் வந்தால்தான் நடக்கும் என்கிற நிலையில் எந்தத் தயாரிப்பையும் வைக்காதீர்கள். முக்கிய வேடங்களுக்கு இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். சினிமாவோ தொடரோ அழைத்தால் நடிகர் போவார், போகத்தான் வேண்டும்; அவருக்கும் வீடு இருக்கிறது.

இப்போது ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின் ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ கையில் இருக்கிறது. 1936-ல் எழுதப்பட்டது, அதே ஆண்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவனை இழந்த தாய், கல்யாணமாகாத ஐந்து பெண்கள், எட்டு ஆண்டுகளுக்குக் கதவைத் திறக்காத துக்கம். மூத்தவளைக் கேட்டு வரும் பெப்பே என்கிறவன் மேடைக்கே வருவதில்லை. இரவில் கடைசிப் பெண்ணிடம் வந்துபோகிறான். குழுவில் வாசித்ததும் அந்தப் பெப்பே அவர்களுக்கு முறைமாப்பிள்ளையா என்று கேட்டார்கள். அத்தை மகனென்றால் அவனுக்கு அந்த வீட்டுக்குள் வந்து போகும் உரிமை உண்டு. சன்னலோரத்தில் ஒளிந்து நிற்கத் தேவையே இல்லை. ஐந்து பேருமே அவனுக்கு முறைதான் என்றால் போட்டி இன்னும் கூர்மையாகிறது. ஆனால் வீட்டின் பூட்டு தளர்ந்துபோகிறது. அந்நியன் என்றால் பூட்டு இறுகுகிறது. மூத்தவளின் பெயரில் இருக்கும் சொத்துக்காகத்தான் வந்தான் என்பதும் துலங்குகிறது. ஆனால் கடைசிப் பெண்ணின் துணிச்சலுக்கு இன்னும் வலுவான காரணம் வேண்டியிருக்கும். இரண்டு வழியிலும் முதல் அங்கத்தை நடத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழுவின் பெண்கள் அந்நியன் என்கிற பக்கம் நிற்கிறார்கள். எனக்கு முறைமாப்பிள்ளையை விட மனமில்லை.